மூன்றாவது பெட்டி நிற்கும் மேடு

அன்றைக்குச் சாயங்காலம் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: டிக்கெட் கொடுக்கும் பழனிச்சாமி அண்ணன், தோட்டத்து நாச்சிமுத்து மாமா, ஜவுளி வியாபாரம் காதர் பாய், டெலிபோன் சரசக்கா, நான், அப்புறம் ரயில்வே அதிகாரி. பழனிச்சாமி அண்ணனின் வெள்ளாட்டையும் சேர்க்கலாம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரிக்கென்று வைத்த வாழைப்பழத்தில் பாதி அதற்குத்தான் போனது.

இதையெல்லாம் இப்போது எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம், போன வாரம் ஒரு மோட்டார் ரிப்பேருக்குப் போயிருந்தேன். துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சூடாகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்து கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனால், உட்காருவதற்குப் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வெயில் ஏறினால் அந்தக் கட்டை ஒரு வாசம் விடும். தாரும் எண்ணெயும் கலந்த வாசம். பிடிக்காதவர்கள் நாற்றம் என்பார்கள். எனக்கு அது காலை நேரத்து வாசம். சட்டென்று என் கை மேல்பாக்கெட்டுக்குப் போனது. சீசன் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத்தான். சீசன் டிக்கெட் எடுப்பதை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கைக்கு அது தெரியவில்லை.

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு சின்னப்பெண். கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், இங்க முன்னாடி ஒரு ஸ்டேஷன் இருந்துச்சாமே, எங்க இருந்துச்சு, ஏன் எடுத்தாங்கன்னு எழுதிக் குடுக்க முடியுமா? மறுபடியும் வேணும்னு மனு போடறோம்" என்றது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மனு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். எங்கே கையெழுத்துப் போடச் சொல்வார்களோ, பின்னால் யார் வந்து கேட்பார்களோ என்று அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் மனுவுக்கு ஆகாத விஷயங்கள்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. அதனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரியும் ஒரு படமும் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் கேட்டிருப்பது கிடைக்கிற நேரத்தில் நான் எதையாவது சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று ஆகக்கூடாது.

மெயின்ரோட்டில் ஒரு மாவு மில் இருந்தது. அதன் சுவரை ஒட்டி ஒரு வண்டித்தடம் போகும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. வேலி முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு இந்தப் பக்கம் ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கருங்கல்லில் கட்டி ஓடு வேய்ந்த ஒரே அறை. வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி ஏற்றுவதற்காகக் கட்டியது என்பார்கள். அந்தக் காலத்தில் மாஸ்டர் இருந்தாராம், வண்டிகள் ஒதுங்கி நிற்க இன்னொரு தண்டவாளமும் இருந்ததாம். நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது மாஸ்டர் இல்லை. ஒதுங்கும் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது கிடந்த இடத்தில் ஜல்லி மட்டும் கிடந்தது. அதில் ஊமத்தை முளைத்திருக்கும்.

பருத்தி போனாலும் பருத்திக்காகக் கட்டிய மேடு இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. எங்கள் பிளாட்பாரம் பிளாட்பாரமே அல்ல. தண்டவாளத்தின் மட்டத்திலேயே கொட்டி இறுக்கிய சரளை மண். வண்டியில் ஏற வேண்டுமானால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, முழங்காலை நெஞ்சுவரை தூக்கி ஏற வேண்டும். ஆனால் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கோடியில் மட்டும், மூட்டையை நேராகப் பெட்டிக்குள் தள்ளுவதற்காக, பெட்டியின் தளத்துக்குச் சமமாகக் கல் பாவிய ஒரு மேடு. இரண்டு மாட்டு வண்டி நிற்கும் அகலம் இருக்கும். பின்பக்கம் சரிவாக இருக்கும், நடந்தே ஏறிவிடலாம். அங்கே நின்றால் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது போல வண்டிக்குள் போகலாம்.

அப்படிப் போனவர் ஒரே ஆள்தான். சரசக்கா.

சரசக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டிருப்பார். கையில் ஒரு தடி. கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் டெலிபோன் போர்டு பார்க்கிற வேலை. அக்காவின் குரலைக் கேட்டால் ஆளைப் பார்க்க வேண்டும்போல இருக்கும். "சொல்லுங்க" என்ற ஒரு சொல்லிலேயே எதிராளியை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனும் அண்ணன் சம்சாரமும் நல்லவர்கள்தான். ஆனால் காலையில் புடவையைக் கொசுவம் வைத்துக் கட்டி, தலையில் ஒரு துண்டு மல்லிகை வைத்து, "போய்ட்டு வாரேனுங்க" என்று வாசலைத் தாண்டுகிற சரசக்கா வேறு ஆள். அந்த ஆள் வருவதற்கு வழி இந்த வண்டி ஒன்றுதான். டவுன் பஸ்ஸின் படி அவருக்கு எட்டாது. எட்டினாலும் அந்தக் கூட்டத்தில் இரும்புப் பட்டையோடு நிற்க முடியாது.

வண்டிக்கு நிற்க வேண்டிய இடம் என்று ஒன்று உண்டு. அந்த இடத்தில் நின்றால் மேட்டுக்கு நேராக எந்தப் பெட்டியும் வராது. எந்த டிரைவர் முதலில் பார்த்தாரோ தெரியாது. ஒரு நாள் வண்டி கொஞ்சம் முன்னால் போய் நின்றது. பெண்கள் பெட்டி, மூன்றாவது, அதன் வாசல் சரியாக மேட்டுக்கு நேரே. மறுநாளும் அப்படியே. பிறகு ஆள் மாறினாலும் இடம் மாறவில்லை. ஒரு டிரைவர் அடுத்த டிரைவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழனிச்சாமி அண்ணன் தன் பங்குக்கு, எஞ்சின் வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லை நட்டு, வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அதற்கும் ஒரு கை அடித்துவிடுவார். சாயங்கால வண்டிக்கு வடக்கே இன்னொரு கல். இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை. அக்காவும் டிரைவர் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டதில்லை. போட்டால் அது உதவி என்று ஆகிவிடும் அல்லவா.

எனக்கு மட்டும் தினமும் பதறும். இன்றைக்குப் புது டிரைவராக இருந்தால் என்ன செய்வது, கல் தெரியாமல் பனி மூடியிருந்தால் என்ன செய்வது என்று. நான் கோயமுத்தூர் நார்த் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். வண்டி வருவதற்கு வெகு நேரம் முன்பே பிளாட்பாரத்தில் இருப்பேன். பழனிச்சாமி அண்ணன் கதவைத் திறக்க வரும்போது நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏனப்பா, ராத்திரி ஊட்டுக்குப் போனியா இல்லியா?" என்பார்.

அவர் ரயில்வே ஆள் அல்ல. மாஸ்டர் இல்லாத ஸ்டேஷனில் கமிஷனுக்கு டிக்கெட் விற்க விட்டிருந்தார்கள். பெரிய ஸ்டேஷனில் கட்டாக டிக்கெட் வாங்கி வந்து விற்பார். மற்ற நேரத்தில் ஆடு மேய்ப்பார். டிக்கெட் ஜன்னலுக்குள் கையை விட்டால் ஆட்டு வாசம்தான் முதலில் வரும். ஆனால் எங்களுக்கு அவரிடம் வாங்க ஒன்றும் இல்லை. தினமும் போகிறவர்கள் எல்லோரும் சீசன் டிக்கெட்காரர்கள். சீசன் எங்கள் ஸ்டேஷனில் கொடுக்கமாட்டார்கள், கோயமுத்தூரில்தான் எடுக்க வேண்டும். இதில் ஒரு வினை இருந்தது. ரயில்வே கணக்கில் எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட்டே விற்பதில்லை. விற்காத இடத்தில் ஏறுகிற ஆள் இருப்பார் என்று தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

"இங்க நிறுத்தறத எடுத்துப்போடுவாங்களாட்ட இருக்குதுப்பா" என்று பழனிச்சாமி அண்ணன் ஒரு நாள் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சீசன் டிக்கெட் பையில் இருக்கும்போதே ஒரு வாரம் தினமும் அவரிடம் தனி டிக்கெட் ஒன்று வாங்கினேன். டிக்கெட் பரிசோதகர் இரண்டையும் பார்த்துவிட்டு, "எதுக்கு தம்பி ரெண்டு, ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. என்னுடைய ஒரு டிக்கெட்டால் ஸ்டேஷன் நிற்கும் என்று நினைத்த புத்தியை இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

அதன் பிறகுதான் அந்த அதிகாரி வந்தார். நேரில் பார்த்து, நிறுத்தத்தை எடுத்தால் ஜனங்களுக்குச் சிரமமா என்று விசாரித்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாயங்கால வண்டியில் எங்களோடேயே கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது பெட்டி மேட்டுக்கு நேராக நின்றால் சாயங்காலம் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்குள் வராமல் பின்னாலேயே வேலாமுள்ளுக்கு மேலே நிற்கும். மனுஷர் அங்கேதான் குதித்திருக்கிறார். கால்சட்டையில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் நடந்து வந்து சேர்வதற்குள் சரசக்கா சரிவில் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தினமும் சித்த நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார். தடியை பெஞ்சுக்குப் பின்னால் சாத்தியிருந்தார்.

நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம். சாந்தமான முகம். தான் யார் என்று சொன்னதும் எங்கள் ஆட்களுக்குக் கை கால் ஓடவில்லை. நாச்சிமுத்து மாமா ரயிலில் போகிறவரே அல்ல. தோட்டம் பக்கத்தில், சாயங்காலமானால் பெஞ்சில் வந்து பேப்பர் படிப்பார். ஊரில் பெரிய மனிதர் என்பதால் ஸ்டேஷனுக்கும் அவர்தான் பெரிய மனிதர். துண்டை எடுத்து பெஞ்சைத் தட்டினார்.

"வாங்க, வாங்க, உக்காருங்க. அப்புனு, ஓடிப்போயி நம்ம தோட்டத்துல எளநி ரெண்டு வெட்டியாரச் சொல்லு" என்று என்னை விரட்டினார். நான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் பழனிச்சாமி அண்ணன் வீட்டிலிருந்து காப்பி வந்துவிட்டது. வேகவைத்த நிலக்கடலை, வாழைப்பழம். காதர் பாய், கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து காலையில் துணி மூட்டையோடு வந்து எங்கள் ஊர்களில் தவணைக்கு விற்றுவிட்டு, திரும்புகிற வண்டிக்காகக் காத்திருந்தவர், தன் மூட்டையைப் பிரித்து ஒரு புதுத் துண்டை எடுத்து, "மொகம் தொடைங்க சார், வேர்த்துக் கொட்டுது" என்று நீட்டினார். ஒரு நிமிஷம் எல்லோருமே எதற்காக அவர் வந்தார் என்பதை மறந்துவிட்டோம். ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

காப்பியைக் குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே நெஞ்சில் அடித்தது.

"வண்டி ஏன் பிளாட்பாரத்துல நிக்காம பின்னாடியே நிக்குது? நான் முள்ளுல எறங்கினேன்."

எப்படிச் சொல்வது? இத்தனை காலமாகச் சொல்லாமல் கொள்ளாமல் இடத்தை மாற்றி நிறுத்திய டிரைவர்களைக் காட்டிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

"அது அப்பிடித்தானுங்க நிக்கும்" என்றார் பழனிச்சாமி அண்ணன், ஆட்டைப் பார்த்துக்கொண்டு.

அதிகாரி சிரித்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். "இங்க வண்டி நிக்கலைன்னா உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமாயிடுமா? மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

இங்கேதான் உங்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்தவர் யாராக இருந்தாலும், கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு நம் கஷ்டத்தை அவர் தலையில் இறக்குவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. நாலு மாடு செத்த வீட்டில்கூட, வந்தவர் கேட்டால் "நல்லா இருக்கறமுங்க" என்பார்கள். மறுபடி கேட்க வேண்டும், மூன்றாம் முறையும் கேட்க வேண்டும். அப்போதும் பக்கத்தில் இருப்பவர்தான் நமக்காகச் சொல்வார். தன் குறையைத் தானே சொல்லிக்கொள்பவனைக் கொஞ்சம் மட்டமாகத்தான் பார்ப்போம். தஞ்சாவூர்க்காரருக்கு இது தெரிய நியாயம் இல்லை. அவர் ஊரில் கஷ்டம் என்றால் கஷ்டம் என்று சொல்லியிருப்பார்கள்.

நாச்சிமுத்து மாமா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் ஒண்ணும் பெரிய சிரமமில்லீங்க. ரோட்டுல பஸ்ஸு போகுது. எதோ இருந்துச்சு, ஏறிப்போனோம். உங்களுக்குத் தோதுப்படறாப்பல செய்யுங்க."

அவர் மனதில் நினைத்தது எனக்குத் தெரியும். இவர் இன்னொரு தரம் கேட்பார், அப்போது மெதுவாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்திருப்பார். அதிகாரி இன்னொரு தரம் கேட்கவில்லை. தலையாட்டிக்கொண்டு பழனிச்சாமி அண்ணனைப் பார்த்தார். "நமக்கென்னங்க, ஆடு இருக்குது" என்றார் அவர். அதோடு அவருடைய டிக்கெட் கமிஷனும் போயிற்று. என்னைப் பார்த்தபோது நான் இளநீர் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றிருந்தேன். "நானுங்களா" என்று மட்டும் சொன்ன ஞாபகம். அதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ.

அப்புறம் பெஞ்சின் மறுகோடியில் இருந்த சரசக்கா பக்கம் திரும்பினார். "நீங்களும் டெய்லி போறவங்களாம்மா? உங்களுக்குச் சிரமமா இருக்குமா?"

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துக் காலுக்கு மேல் விட்டுக்கொண்டார். டெலிபோனில் பேசுகிற அதே குரல். "அப்பிடியொண்ணுமில்லீங்க சார். பஸ்ஸு இருக்குதுங்களே."

கேட்டவருக்கு அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் குரலில் பொய் இருக்கும் என்று யாருக்குமே தோன்றாது.

எங்கள் எல்லோருடைய கண்ணும் காதர் பாய் மேல் போனது. வியாபாரி. நாள் முழுவதும் பேசிப் பிழைப்பவர். வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீட்டிலும் நின்று பேசி ஒரு சேலை விற்றுவிட்டு வருவார். எங்களுக்காக யாராவது சொல்ல முடியுமென்றால் அவர்தான். அவரும் அதைத் தெரிந்துகொண்டார். எழுந்து நின்றார்.

"சார், ஒரே ஒரு விசயம்."

"சொல்லுங்க பாய்." அதிகாரி பேனாவைத் திறந்தார். அதுவரை அவர் எதையும் எழுதவில்லை.

பாய் ஒரு தடவை சரசக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து, தெரியாமல் இருந்த பூட்ஸை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு பெண்ணை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, இதோ இந்த அம்மாவின் காலைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? பாய் நாலெட்டுத் தள்ளி இருந்த குடிதண்ணீர்க் குழாயைக் கை காட்டினார்.

"அந்தப் பைப்பு ஒழுகுது சார். தண்ணி வீணாப்போகுது."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அந்தச் சாயங்காலம் அவர் எழுதியது அது ஒன்றுதான்.

மேட்டுப்பாளையம் போய்த் திரும்புகிற வண்டி வரும்வரை பேச்சு மழையைப் பற்றியும் பாக்குத் தோப்பு நோயைப் பற்றியும் போனது. சரசக்கா வழக்கமாக அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அன்று எழுந்திருக்கவில்லை. விருந்தாளி பார்க்க விந்தி விந்தி நடக்க மனம் இல்லை என்று எனக்குப் பட்டது. வண்டி வந்தது. பாயும் அதே வண்டியில்தான் போக வேண்டும். அவர் ஏறும்போது நாச்சிமுத்து மாமா அவர் கையைப் பிடித்துக் காதோடு, "வண்டிக்குள்ளார வெச்சு சத்தமில்லாமப் பொட்டாட்டச் சொல்லிப்போடுங்க பாய்" என்றார். பாய் தலையாட்டினார். வண்டி போனதும் எங்களுக்குப் பாதி உயிர் வந்தது. அக்கா இல்லாத இடத்தில் பாய் சொல்லிவிடுவார், எல்லாம் சரியாகிவிடும்.

அன்று ராத்திரி நான் பாயும் அதிகாரியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள் காலை பாய் மூட்டையோடு இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"சொல்லிட்டீங்களா பாய்?"

"எங்கெ சொல்றது தம்பி. அவரு கடைசியில கொடி காட்டற கார்டோட பெட்டியில ஏறிப் போயிட்டாரு. டேசன்ல எறங்கித் தேடறதுக்குள்ள கூட்டத்துல மறஞ்சிட்டாரு."

குழாயைச் சரிபண்ண மட்டும் சீக்கிரமே ஆள் வந்தது. புதுப் பித்தளைக் குழாய் போட்டுவிட்டுப் போனார்கள். சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. அதைப் பார்த்து, இவ்வளவு செலவு பண்ணுகிறவர்கள் ஸ்டேஷனை எடுக்கமாட்டார்கள் என்று எனக்குக்கூடத் தைரியம் வந்தது. மாமா, "பாத்தியா, நல்ல மனுசன். நாம கேக்காத போனாலும் செய்வாரு" என்றார். கொஞ்ச நாளில் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து வண்டி நிற்காது.

அப்போதாவது மனு எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதினோம். காலைப் பற்றி அதில் எழுதலாமா என்று அக்காவிடம் யார் கேட்பது என்பதிலேயே நாள் போயிற்று. கடைசியில் 'பொதுமக்கள் நலன் கருதி' என்று எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை.

கடைசி நாள் காலையில் டிரைவர் வழக்கம்போல வெள்ளைக் கல்லுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றதாக எனக்கு ஞாபகம். என் மனசு அப்படி நினைத்துக்கொண்டிருக்கலாம். அக்கா மேட்டிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்தார், உட்கார்ந்தார், ஜன்னல் வழியாக வெளியே பார்க்கவில்லை. யாரும் அழவில்லை. அழுகிற விஷயமாக அப்போது தெரியவில்லை. பஸ் இருக்கிறதே என்று நாங்களே சொல்லிச் சொல்லி நாங்களே நம்ப ஆரம்பித்திருந்தோம்.

எங்களுக்கு பஸ் இருந்தது. அக்காவுக்கு இல்லை. சில நாள் முயன்று பார்த்தார். அண்ணன் ஸ்டாப்பிங்வரை சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். நானும் கண்டக்டரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றுவோம். கண்டக்டர் தங்கமான ஆள், "மொள்ளமா ஏறுங்க அம்மிணி, வண்டி எங்கயும் ஓடிப்போவாது" என்பார். பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் 'பாவம்' என்று சத்தமாகவே சொல்வார்கள். ரயிலில் அத்தனை காலம் போனபோது ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஒரு நாள் அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மில்லில் போர்டுக்கு வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் அப்புறம் பட்டறையை விட்டு நின்று, சொந்தமாக ஒரு கடை போட்டு, கல்யாணம் பண்ணி, அந்தக் கவலைகளில் விழுந்துவிட்டேன். அக்காவை நடுவில் எங்காவது தேர்த்திருவிழாவில் தூரத்தில் பார்த்ததோடு சரி. சில வருஷம் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருக்கிற இடத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஏனுங் தம்பி, சௌக்கியமா? இப்பவும் நேரமே வந்து உக்காந்துக்கறீங்களா?"

நான் சிரித்தேன். உண்மையில் முகூர்த்தத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்ப் பேச்சுப் பேசினோம். பேச்சு தானாக ஸ்டேஷனுக்கு வந்தது.

"வேல போனதுகூடப் பரவால்லீங் தம்பி" என்றார். "காத்தால கெளம்பறதுன்னு ஒண்ணு இருந்துச்சு பாருங்க. அது போனதுதான். அண்ணன் ஊட்டுல ஒரு கொறையும் வெக்கில. ஆனாக்க ஆராச்சும் வந்தாத்தான் எனக்குப் பொழுது விடியும். நானாப் போயி விடிஞ்சது அப்பத்தான்."

அதைக் கேட்டபின் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றைக்கு அந்த அதிகாரி கேட்டபோது நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நானெப்பிடிச் சொல்றதுங்க. அத்தன பேரு இருந்தீங்க, ஒருத்தராச்சும் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"நீங்க முன்னால உக்காந்திருக்கறப்ப நாங்க எப்பிடிங்க்கா..."

"அதானுங்களே" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஊட்டுக்கு வந்து ரா முச்சூடும் ரோசன பண்ணுனேன் தம்பி. நீங்களும் சொல்ல வேண்டாம், நானுஞ் சொல்ல வேண்டாம். எந்திரிச்சு, அந்தப் பைப்புல தண்ணி குடிக்கறாப்பல, நாலெட்டு நடந்திருந்தாப் போதுமுங்க. அவரே பாத்திருப்பாரு."

அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் அண்ணன் மகன் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அக்கா போன ஆடியில் தவறிவிட்டார். நாச்சிமுத்து மாமாவும் பழனிச்சாமி அண்ணனும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். காதர் பாய் இருக்கிறாரா என்று கோட்டைமேட்டில் விசாரிக்க வேண்டும் என்று நினைப்பேன், இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று போகாமலே இருக்கிறேன். கல் கட்டடத்தின் ஓடுகள் முதலில் போயின, பிறகு கல். மேட்டைத் தண்டவாளத்துக்குக் கரண்ட் கம்பம் நடும்போது சமப்படுத்திவிட்டார்கள். வேலி இருந்த இடத்தில் நீளமாக மதில் எழுப்பியிருக்கிறார்கள். ஆள் நுழைய இடைவெளி இல்லை. காலை வண்டி இப்போது கரண்ட்டில் ஓடுகிறது. மாவு மில் இருந்த திருப்பம் வரும்போது அது வேகம் எடுக்கிறது. குறுக்கே வர ஆளும் இல்லை, மாடும் இல்லை என்பதால் அங்கே டிரைவர் ஹாரன்கூட அடிப்பதில்லை.